படகுக்கு எதிரே நிற்பவள்

அன்புள்ள மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, மழை இரண்டு நாளாக விட்டுவிட்டுப் பெய்கிறது, கூரை ஒழுகவில்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காலில் கம்பளி சாக்ஸ் போட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்குவதற்குள் நீ மூன்று தடவை சரிம்மா சரிம்மா என்பாய், அதோடு அது முடிந்துபோகும். காகிதத்திடம் சரிம்மா சொல்லி வாயை அடைக்க முடியாது. உன்னோடு அதே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மீஞ்சூர் ஜெபசெல்வி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள். அவள் பெட்டியில் ஒரு மூலை கேட்டு வாங்கியிருக்கிறேன். கருவாட்டை மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், வாசனை வராது. வந்தாலும் மீன் வாசனைதான், யாரும் செத்துவிட மாட்டார்கள்.

விஷயம் இதுதான். போன மாதம் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். டியூட்டி முடிந்து விடிகாலையில் படகுத்துறை வழியாக அறைக்கு நடந்துபோகும்போது, படகில் ஏறப்போன ஒரு கிழவர் உன் தலையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். சிவப்பு முடிக்காரி எதிரே வந்தால் அன்றைக்குக் கடலுக்குப் போகக்கூடாது, வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அந்த ஊரில் பழைய வழக்கமாம். உன் தலையில் இருப்பது மருதாணிச் சிவப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும். கோபப்படாமல் கண்ணடித்து, கொஞ்சம் அந்தப் பக்கமாகப் போயேன் பெண்ணே என்றாராம். அன்றிலிருந்து சர்ச்சுக்குப் பின்னால் சுற்றிப் போகிறேன், இருபது நிமிடம்தான் கூடுதல், நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாய். போன ஞாயிறு வீடியோவில் பார்த்தேன், வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டிருந்தாய். கேட்டதற்குக் குளிர் என்றாய். ரூமில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சொன்னதும் நீதான்.

நீ போன இந்த இரண்டு வருடத்தில் அயர்லாந்தைப் பற்றி நான் ஒரு பரீட்சை எழுதும் அளவுக்குத் தெரிந்துகொண்டேன். படகில் பன்றி என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. விசில் அடித்தால் காற்று கிளம்பும். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை தனியாக வந்தால் அதற்கு வணக்கம் சொல்லி வீட்டுக்காரி சவுக்கியமா என்று கேட்க வேண்டும். மே மாதம் முதல் தேதி பக்கத்து வீட்டுக்குப் பாலோ அடுப்பு நெருப்போ கொடுத்துவிட்டால் அந்த வருடத்து வெண்ணெய் எல்லாம் அவர்கள் வீட்டுக்கே போய்விடும். பிடிக்காதவன் நிலத்தில் முட்டையை ஒளித்து வைத்தால் அவன் விளைச்சல் அழுகும். ஐப்பசி நடுவில் செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள். அந்த ஊர்க்காரர்களோடு பேசுவதற்காகத்தான் நீ ஆங்கிலப் பரீட்சையை மூன்று தடவை எழுதினாய். ஒரு முள்மரத்தில் குட்டிச் சாமிகள் குடியிருக்கின்றன என்று பெரிய ரோட்டையே கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள் என்றும் சொன்னாய். அதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. கடல் நம் ஊரின் முதல் வரிசை வீடுகளைத் தின்றுவிட்டது, மனு கொடுக்கப் போனவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். வீட்டில் மனுஷன் குடியிருக்கிறான் என்று சொன்னது தப்பு, குட்டிச் சாமி குடியிருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். அவர்கள் செய்தால் அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்துப் புத்தகம் போடுகிறார்கள், நாம் செய்தால் மீனவன் படிக்காதவன் என்கிறார்கள். சரி, அது கிடக்கட்டும். இரண்டு கரையிலும் மாறாத ஒன்று இருக்கிறது பார்த்தாயா. மீன் கிடைக்காமல் போவதற்கு ஒரு பொம்பளை வேண்டும். அங்கே சிவப்பு முடி, இங்கே வெறும் கழுத்து. தொப்பை வைத்த ஆம்பிளை எதிரே வந்தால் வலை காலியாகும் என்று எந்த நாட்டிலாவது வைத்திருக்கிறார்களா என்று அந்தக் கிழவரிடம் கேட்டுச் சொல்.

உன் நைனா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கடலில் சாகவில்லை. மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் கிடந்து செத்தார். ஆனாலும் கடலுக்கு நான் ஆகாதவள் ஆகிவிட்டேன். படகு கிளம்பும் நேரத்தில் கரையில் நிற்கக்கூடாது. நம் ஊரில் கிளம்புகிற படகும் திரும்புகிற படகும் ஒரே நேரம் என்று உனக்குத் தெரியும். ஏலமும் அப்போதுதான். மீன் வாங்கிப் பொன்னேரியில் விற்றுச் சாப்பிடுகிற நான் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்து, கடைசிப் படகும் போன பிறகு சுற்றிவந்து, மற்றவர்கள் கழித்துப்போட்டதை எடுத்துக்கொண்டு போவேன். அந்தக் கழித்த மீனில்தான் நீ நர்சிங் படித்தாய். நீ காலேஜில் இருந்ததால் எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருப்பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இப்போது நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். மாசி மாதம் நீ அனுப்பிய பார்சலில் சாக்லேட்டோடு ஒரு புல் சிலுவை வைத்திருந்தாய். இல்லத்தில் இருக்கிற நோரா என்ற தொண்ணூறு வயதுக்காரி, பிரிஜிட் என்கிற அம்மனின் நாளில் முடைந்தது, வீட்டு வாசலில் மாட்டினால் தீ பிடிக்காது, பசி வராது என்று எழுதியிருந்தாய். நடுவில் சதுரம், நாலு பக்கமும் நாலு கை, பார்க்கக் காத்தாடி மாதிரி இருந்தது. அழகாக இருந்ததால் வாசல் ஆணியில் மாட்டினேன். மதம் மாறிவிட்டாயா என்று நாலு பேர் கேட்டார்கள், ஆமாம் காத்தாடி மதம் என்றேன். ஒருநாள் பக்கத்து வீட்டு ராஜவேலு கடலுக்குப் போகும்போது அதை நின்று பார்த்துவிட்டுப் போனான். அன்றைக்கு அவன் வலையில் மடவை மீன் தூக்க முடியாமல் வந்தது. மடவைக்கு அது காலம், எல்லார் வலையிலும் கொஞ்சம் வந்தது, ஆனால் அவனுக்குக் கூடுதலாக வந்துவிட்டது. அவ்வளவுதான். மறுநாள் வாசலில் நிற்கிறான். அக்கா, அந்த அயர்லாந்து காப்பு ஒண்ணு எனக்கும் பண்ணிக் குடு, படகு மூக்குல கட்டணும்னு. ஓலைப்பெட்டி முடைகிற கை எனக்கு, பனை ஓலையில் ஒன்று அரை மணி நேரத்தில் முடைந்துவிட்டேன். அவன் வாங்கக் கையை நீட்டினான். அப்போது என் வாய் ஒன்று சொன்னது. நான் யோசித்துச் சொல்லவில்லை பூவிழி, ஒன்பது வருடம் தோப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வாய் அது. நீ கட்டக்கூடாதுடா, அந்த ஊர் முறைப்படி புருசன் இல்லாதவ கையாலதான் கட்டணும், அதுவும் படகு கிளம்பற நேரத்துல கட்டணும்னேன். அவன் தலையைச் சொறிந்தான். அப்படியா, வெள்ளக்காரன் நம்மள மாதிரி யோசிக்க மாட்டான் இல்ல என்றான்.

மறுநாள் காலை நான் கரையில் நின்றேன். முன்னால், தண்ணீர் காலில் படுகிற இடத்தில். பத்து நாளில் ஆறு படகுக்குக் கட்டினேன். கடைசியாக ஊர்த்தலைவர் அங்கமுத்து மாமா வந்தார், மூட்டுவலி, காத்தாட நடந்தேன்னு சொல்லிக்கொண்டு. அவர் படகுக்கும் கட்டினேன். ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கினால் அது வியாபாரம், வாங்காவிட்டால் சாமி. காப்பு கட்டிவிட்டுத் திரும்பினால் பக்கத்திலேயே ஏலம், நல்ல மீன் என் கூடைக்கு வந்தது. பொன்னேரியில் தினமும் வாங்குகிறவர்கள் என்னம்மா லாட்டரி அடித்ததா என்று கேட்டார்கள். பழவேற்காடு பஜாரில் கடை வைத்திருக்கும் ஆமினா பீவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கடையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அடியே மாலா, நாங்க எல்லாம் எத்தினி தலைமுறையா இங்க இருக்கோம், ஒரு பழக்கத்தையாவது மாத்த முடிஞ்சுதா, நீ ஒரு புல்லை வெச்சு மாத்திட்டியே என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னிக்காவது ஒரு படகு கவுந்தா இன்னா பண்ணுவே என்றும் கேட்டாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆடியில் வெண்ணிலாவின் புருஷன் செத்துப்போனான், உனக்குத் தெரியும். மீஞ்சூர் ரோட்டில் லாரி அடித்தது. இருபத்தாறு வயது அவளுக்கு, உன்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். காரியம் முடிந்த மறுநாளே அவளுக்குத் தோப்பைக் காட்டினார்கள், நான் உட்கார்ந்து தேய்த்த அதே இடம். எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் என் பக்கத்தில் நிறுத்தினேன். இவளுக்கும் முறை உண்டு, இவளும் கட்டலாம் என்றேன். ஓலைக்காப்பு ரொம்ப நாள் தாங்காது, மாதம் ஒருமுறை புதிதாகக் கட்ட வேண்டும், பாதிப் படகை அவளுக்கு விட்டேன். ஊர் ஒத்துக்கொண்டது. அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எவ்வளவு பெரிய மக்கு உன் அம்மா. அவர்கள் சகுனத்தை நான் ஒழிக்கவில்லை, புரட்டிப் போட்டேன். புரட்டிப் போட்டது எந்த நாளும் திரும்பப் புரளும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்த வாரம் முகத்துவாரத்தில் அலை சரியில்லை. கடலுக்குப் போகாதே என்று எல்லார் போனுக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. போன் சொன்னதை நம்பாமல் ஓலையை நம்பிப் போனார்கள். ராஜவேலு படகு முகத்துவாரத்திலேயே கவிழ்ந்தது. நாலு பேரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள், ஒருவனுக்குக் கை உடைந்தது, இன்ஜின் தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தப் படகுக்குக் காப்பு கட்டியது வெண்ணிலா. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. தாலி அறுத்த ஈரம் காயல, அவ கைய வெச்சா எப்பிடி விளங்கும்னு. அலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எச்சரிக்கையைப் பற்றியும் பேசவில்லை. அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு, நான்தான் கொல்லப் பாத்தேனா அக்கா, நெசமா நான்தானா என்று என்னிடமே கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தது அவர்கள் மட்டும் இல்லை, நானும்தான்.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள், முறை தெரிந்தவள் நான்தானே. அங்கமுத்து மாமா மெதுவாகத்தான் பேசினார். இன்னாம்மா மாலா, அந்த நாட்டு முறை இன்னா சொல்லுது, புருசன் போயி ஒரு வருசம் ஆகாதவ கட்டலாமா, கூடாதுதானே, நீ கட்டினதுல ஒரு குறையும் வரலயே, அதை மட்டும் சொல்லிடு, அந்தப் பொண்ணை ஒதுக்கி வெச்சுக்கலாம், நீ எப்பவும் போல வா என்றார். எனக்கு வழி விட்டார் பூவிழி. கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் இடம் எனக்கு, என் கூடைக்கு நல்ல மீன். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. உன் அம்மா உத்தமி என்று நீ நினைக்கக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். பிறகு பின்னால் பார்த்தேன், பெண்கள் நிற்கிற இடத்துக்கும் பின்னால், விளக்குக் கம்பத்தின் மறைவில் வெண்ணிலா நின்றுகொண்டிருந்தாள். அங்கே கூட மறைந்துதான் நின்றாள்.

ஒரு முறையும் கிடையாது மாமா என்றேன். அது வீட்டு வாசல்ல மாட்டறது, தீப் புடிக்காம இருக்க. படகுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. புருசன் இல்லாதவ கட்டணும்னு எந்த நாட்டுலயும் இல்ல, நான்தான் சொன்னேன், எனக்குக் கரையில நிக்கணும், அதுக்காகச் சொன்னேன். அங்கமுத்து மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போ ஏழு மாசமா எங்களை ஏமாத்தினியா என்றார். ஆமா மாமா, நான் ஏழு மாசம், நீங்க ஒம்பது வருசம் என்றேன். பின்னால் யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது யார் என்று தெரியாமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் படகு போகும் வரை கரைக்கு வரக்கூடாது என்று முடிவு சொல்லி எழுந்துபோனார்கள்.

மறுநாள் விடிகாலை வெண்ணிலா வீட்டுக் கதவைத் தட்டினேன். அடிப்பாங்களா அக்கா என்றாள். அடிச்சா வாங்கிட்டு அங்கயே உக்காருவோம், தோப்புக்குப் போக மாட்டோம் என்றேன். கையில் ஓலை இல்லை, காப்பு இல்லை, இரண்டு காலிக் கூடைதான். போய் முன்னால் நின்றோம். பதினொரு படகு இருந்தது, ஒருவனும் தள்ளவில்லை. வலையைத் தேவையில்லாமல் உதறினார்கள், இன்ஜினைத் துடைத்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். எங்களை மட்டும் பார்க்கவில்லை. ஒருவன் வந்து, கொஞ்சம் அந்தாண்ட போயேன்க்கா, அஞ்சு நிமிசம் என்று கெஞ்சினான். அஞ்சு நிமிசந்தான் ஒம்பது வருசமாச்சு, போடா என்றேன். வெயில் ஏறியது. மழைத் தண்ணீருக்கு இறால் ஏறுகிற நேரம், ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் வயிற்றில் அடிக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதே வயிறுதான். ஐஸ் வண்டிக்காரன் ஹாரன் அடித்து, இன்னாபா, ஊரே லீவா என்றான். கடைசியில் ராஜவேலுதான் எழுந்தான். சொந்தப் படகு இல்லாமல் மச்சான் படகில் கூலிக்கு வந்திருந்தான். நான் கவுந்ததே கவுந்துட்டேன், இதுக்கு மேல இன்னா கவுறது, தள்ளு மச்சான் என்று சொல்லிப் படகில் தோளைக் கொடுத்தான். ஒன்று போனதும் மற்றவையும் போயின. போகும்போது பார்த்தேன், ஒன்பது படகின் மூக்கில் ஓலைக்காப்பு அப்படியே தொங்குகிறது. பொய் என்று நானே ஊர் நடுவில் சொன்ன பிறகும் ஒருவன்கூட அதை அவிழ்க்கவில்லை. கட்டினவளைத்தான் அவிழ்த்துவிடப் பார்த்தார்கள்.

அது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் நிற்கிறோம். ஊர் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அங்கமுத்து மாமா படகு இன்னும் நாங்கள் மீன் பக்கம் திரும்பும் வரை காத்திருந்துதான் கிளம்புகிறது. நாலு வீட்டுப் பெண்கள் என்னோடு பேசுவதில்லை. இனி ஒரு படகு கவிழ்ந்தால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லட்டும், நின்ற இடத்தில் நின்று கேட்டுக்கொள்வோம். வெண்ணிலா முந்தாநாள் பொன்னேரிக்கு என்னோடு பஸ் ஏறினாள், நண்டு விற்கத் தெரியவில்லை, கற்றுக்கொள்வாள்.

இப்போது உன் விஷயம். அந்தக் கிழவர் நல்லவர் என்றாய். நல்லவராகத்தான் இருப்பார். அங்கமுத்து மாமாவும் நல்லவர்தான், உன் நைனா பாடைக்குத் தோள் கொடுத்தவர். கெட்டவன் சொல்லியிருந்தால் நீயும் நானும் முதல் நாளே சண்டை போட்டிருப்போம். நல்லவர்கள் கண்ணடித்துச் சொல்வதால்தான் நாம் சிரித்துக்கொண்டே சுற்றிப் போகிறோம். எனக்கும் முதல் நாள் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார், கொஞ்ச நேரம் தோப்பு நிழலில் உட்காரம்மா என்று. இருபது நிமிடத்தில் ஆரம்பிப்பது எங்கே போய் முடியும் என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், நீ வேறு போய்ப் பார்க்க வேண்டாம். படகுத்துறை வழியாகவே போ. அவரைப் பார்த்தால் குட் மார்னிங் சொல், நேற்று என்ன மீன் கிடைத்தது என்று கேள், மீன் பேசத் தெரிந்த குடும்பத்துப் பெண் நீ. அவர் திரும்பிப் போனால் அது அவருக்கு லீவு, உனக்குப் பாவம் இல்லை. நோராவிடம் அவள் புல் சிலுவை செய்த வேலையைச் சொல்லு. அழகாக இருக்கிறது, இன்னும் என் வாசலில்தான் தொங்குகிறது என்றும் சொல்லு, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

குலதெய்வம் உன்னைக் காப்பாற்றட்டும் என்று எழுதுவது வழக்கம். நீ உன்னைக் காப்பாற்றிக்கொள், தெய்வம் கூட நிற்கட்டும். நீண்ட ஆயுளும் தெம்பான காலும் உனக்கு இருக்க வேண்டும். ஜெபசெல்வியிடம் மூன்று பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பெரியது கருவாடு, நடுவில் இருப்பது ஊறுகாய். பச்சைத் துணியில் கட்டிய சின்னப் பொட்டலம் ஆமினா பீவி உனக்கென்று தன் கையால் அரைத்துச் சலித்துக் கொடுத்த மருதாணி. போன தடவை போட்டது வெளுத்திருக்கும். டீத் தண்ணீரில் குழைத்து, இரும்புச் சட்டியில் ஊறவைத்து, நன்றாகச் சிவக்கும்படி தலை முழுக்கப் போட்டுக்கொள். தொப்பியைக் குளிருக்கு மட்டும் போடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா
மாலா